போதகர் ஏன் எருசலேமுக்குப் போனார்?

கல்முனைப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் எனக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். புனிதத் தலமும் யாத்திரையும் இரட்சிப்புக்குத் தேவையில்லை என்று போதிக்கின்ற மெதடிஸ்த போதகராகிய நீங்கள் ஓய்வாண்டு விடுப்பை எடுத்துக்கொண்டு வேதாகம நாடுகளுக்கு ஏன் போனீர்கள் என்பது முதலாவது. போய் வந்தபின் வேதத்தை வாசிக்கும் விதம் மாறியிருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது அவருடைய கேள்வியே அல்ல: மகளின் ஞானஸ்நானம் வருகிறது, போதகர் கொண்டுவந்த யோர்தான் தண்ணீரில் கொஞ்சம் கிடைக்குமா என்று பிள்ளையின் அம்மம்மா கேட்கச் சொன்னாராம். நேரில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் முதற்கேள்வியை நான் போவதற்கு முன்பே என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கும் சேர்த்து ஆறுதலாக எழுதுகிறேன்.

முதற்கேள்வியில் உள்ள தயக்கம் நியாயமானது, பழையதும்கூட. 4ஆம் நூற்றாண்டிலேயே, தாமே எருசலேமுக்குப் போய் வந்த நீசாவின் கிரெகோரி என்ற ஆயர், இடம் மாறுவதனால் எவரும் கடவுளுக்குக் கிட்ட வந்துவிடுவதில்லை என்று கடிதம் எழுதினார். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதியபோது உரோமாபுரி யாத்திரைகளை ஒழிக்க வேண்டும் என்றே கேட்டார். இவர்கள் சொன்னதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். புண்ணியம் தேடி நான் போகவில்லை. முப்பது வருடங்களாக, ஞாயிறு பாடசாலைச் சுவரில் தொங்கிய படங்களில் மட்டும் பார்த்த ஊர்களைப் பற்றிப் பிரசங்கித்து வந்தேன் என்பதுதான் என் உறுத்தல். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வருபவன் சம்பவம் நடந்த சந்தியை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா என்று நினைத்தேன். ஏழாம் வருடத்தில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம். தரிசாய்க் கிடக்கும் வயலில் என்ன முளைக்கிறது என்று பார்ப்போமே என்று, 2023ஆம் ஆண்டு லெந்து என்ற தபசுகாலத்தில் ஏழு கிழமைகளை அங்கே கழித்தேன்.

நான் போனதற்கான விடை, உண்மையில், நாப்லுஸ் என்று இன்று அழைக்கப்படும் பழைய சீகேம் நகரத்தில் ஒரு கிணற்றடியில்தான் எனக்குக் கிடைத்தது. இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட யாக்கோபின் கிணறு ஒரு கிரேக்க ஓர்த்தடொக்ஸ் ஆலயத்தின் பலிபீடத்துக்குக் கீழே, படியிறங்கிப் போகும் சிறிய நிலவறையில் இருக்கிறது. கிணற்றுவாயில் ஓர் உருளையும் வாளியும் உண்டு. அங்கே நின்ற பணியாளர் ஒரு குவளைத் தண்ணீரை என் கையில் தந்து, உள்ளே ஊற்றிவிட்டுக் காதைக் கொடுக்கும்படி சைகை காட்டினார். ஊற்றினேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கி, தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே காணாமற் போய்விட்டதோ என்று நினைத்த பிறகுதான் அடியிலிருந்து சலசலப்புக் கேட்டது. நூறடிக்கும் மேல் ஆழம். எங்கள் கரையோர மணலில் பத்துப் பன்னிரண்டு அடியில் தண்ணீர் ஊறிவிடும். துலாவைச் சற்றுத் தாழ்த்தினால் வாளி நிறைந்துவிடும். சிறுபிள்ளைகூடக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தன் முகத்தைக் கண்டுகொள்ளும். அப்படியான ஊரில் வளர்ந்த நான், ‘மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே’ என்று சமாரியப் பெண் சொன்னதைச் சாதாரண பேச்சென்றே வாசித்துக் கடந்திருந்தேன். அவர் சொன்னது கண்ணுக்கு முன்னால் இருந்த உண்மை. கயிறும் வாளியும் இல்லாத மனிதன் அந்தக் கிணற்றடியில் தாகத்தால் செத்தாலும் ஒரு சொட்டுக் குடிக்க முடியாது. கடவுளின் குமாரன் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டது தந்திரமல்ல, அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை.

அந்தக் கிணறு இருக்கும் இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கெரிசீம் மலை தெரியும் என்பதை வெளியே வந்ததும் கவனித்தேன். சமாரியர் இன்றும் அந்த மலையில் வாழ்கிறார்கள். சில நூறு பேர்தான், ஆனால் இன்றும் பஸ்கா ஆட்டுக்குட்டியை அங்கேதான் பலியிடுகிறார்கள். ‘நீங்கள் இந்த மலையிலும் எருசலேமிலும் மாத்திரமல்ல, எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளுங்காலம் வருகிறது’ என்று இயேசு அந்தப் பெண்ணிடம் சொன்ன வசனத்தை, யாத்திரைக்கு எதிரான எங்கள் முதற்சாட்சியாக நாங்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவோம். அந்த வசனத்தின் ‘இந்த மலை’ ஒரு விரல் நீட்டிக் காட்டக்கூடிய மலை. இடம் முக்கியமல்ல என்ற போதனைக்கே ஓர் இடம் உண்டு. அதற்கு ஆழம் உண்டு, உயரம் உண்டு. தம்பியின் முதற்கேள்விக்கு இதற்கு மேல் தெளிவான விடை என்னிடம் இல்லை.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். வாசிக்கும் விதம் மாறியிருக்கிறது. குறிப்பாக அளவுகள் மாறிவிட்டன. கலிலேயாக் கடல் என்று நாம் சொல்வது நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர், அகலம் 13 கிலோமீற்றர். எங்கள் மட்டக்களப்பு வாவி அதைவிட ஒடுக்கமானது என்றாலும் நீளத்தில் அதன் இரண்டு மடங்குக்கும் அதிகம். சுவிசேஷகர்களில் லூக்கா மட்டும் அதைக் ‘கடல்’ என்று எழுதாமல் ஏரி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லால் எழுதினார்; நமது பழைய மொழிபெயர்ப்போ அங்கும் ‘கெனேசரேத்துக் கடல்’ என்றே வைத்திருக்கிறது. மட்டக்களப்பான் ஒருவன் மொழிபெயர்த்திருந்தால் ‘வாவி’ என்று எழுதியிருப்பான் என்று, திபேரியா நகரின் கரையில் உட்கார்ந்து திலாப்பியாப் பொரியல் சாப்பிட்டபோது நினைத்துக்கொண்டேன். அங்கே அதைப் பேதுருவின் மீன் என்று பெயர் வைத்து உல்லாசப் பயணிகளுக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

வலையிலும் இதே கதைதான். சீமோனும் அந்திரேயாவும் வலைபோட்டுக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு 4ஆம் அதிகாரத்திலும், பரலோகராஜ்யம் சகலவித மீன்களையும் வாரிக்கொள்ளும் வலைக்கு ஒப்பாயிருக்கிறது என்று 13ஆம் அதிகாரத்திலும் வாசிக்கிறோம். தமிழில் இரண்டும் ‘வலை’. கிரேக்கத்தில் முதலாவது ‘அம்பிபிளெஸ்ட்ரன்’, ஒருவன் தனியாக நின்று சுழற்றி எறிகிற வீச்சுவலை. இரண்டாவது ‘சகேனே’, பலர் கூடி இழுக்கிற கரைவலை. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர எங்கள் ஊரில் அகராதி வேண்டியதில்லை. கல்லடிக் கரையில் விடியற்புறம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோணி கடலுக்குள் வளைந்து போய் வலையை விட்டுத் திரும்ப, இரண்டு பக்கக் கயிறுகளிலும் ஆட்கள் நின்று இழுத்து, மடி மணலுக்கு ஏறிய பிறகு, எல்லோரும் குந்தியிருந்து மீனைத் தெரிந்தெடுப்பார்கள். ‘கரையில் இழுத்து, உட்கார்ந்து, நல்லவைகளைக் கூடைகளில் சேர்த்து’ என்று ஆண்டவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதே காட்சி. வீச்சுவலைக்காரனை அழைத்த ஆண்டவர், பரலோகராஜ்யத்தைப் பற்றிப் பேசும்போது ஒருவன் தனியே இழுக்க முடியாத வலையை எடுத்துக்கொண்டார் என்பதை நான் முப்பது வருடப் பிரசங்கத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வாவிக் கரையில் வசிக்கும் என் சபைமக்களுக்கு அது முன்னமே தெரிந்திருக்கும், யாராவது கேட்டிருந்தால்.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986ஆம் ஆண்டு வரட்சியில் ஏரி வற்றியபோது, கினோசார் கரைச் சேற்றில் மீனவச் சகோதரர் இருவர் ஒரு பழைய படகைக் கண்டெடுத்தார்கள். இயேசுவின் காலத்தை ஒட்டியது. அங்குள்ள நூதனசாலையில் அதை வைத்திருக்கிறார்கள்: நீளம் 8 மீற்றருக்குச் சற்று அதிகம், அகலம் இரண்டேகால் மீற்றர். ‘கப்பலின் பின்னணியத்தில்’ ஆண்டவர் நித்திரையாயிருந்தார் என்று மாற்கு 4இல் வாசித்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பாய்மரக் கப்பலையே வரைவார்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். இது பன்னிரண்டு வகை மரத்தால் ஒட்டுப்போட்ட தோணி. ஒரு பலகை கெட, கிடைத்த மரத்தை வைத்துத் தைத்து, அதுவும் கெட, வேறொன்றை வைத்து, கடைசியில் பயன்படக்கூடிய பாகங்களைக் கழற்றிக்கொண்டு விட்டுவிட்டுப் போயிருக்கிறான் அதன் சொந்தக்காரன். கடன்பட்டுத் தொழில் செய்கிற மனிதனின் தோணி அது. கண்ணாடிக்கு இப்பால் நான் வெகுநேரம் நின்றேன். எங்களோடு வந்த மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

‘அக்கரைக்குப் போவோம் வாருங்கள்’ என்ற வசனத்தை எழுவான்கரையில் பிறந்த ஒருவனுக்கு விளக்க வேண்டுமா? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. குருமண்வெளியில் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி மண்டூரில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். ஆனால் யுத்த காலத்தில் இக்கரை ஓர் ஆட்சியிலும் அக்கரை இன்னோர் ஆட்சியிலும் இருந்தபோது, அந்தத் தண்ணீரைக் கடப்பது எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காரியமாக இருந்தது என்பதை இந்த ஊரின் நாற்பது வயதுக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கப்பர்நகூமிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. அது தெக்கப்போலி நாடு, புறஜாதியார் கரை, பன்றி மேய்ப்பவர்களின் கரை. சீஷர்கள் புயலுக்கு மட்டும் பயப்பட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீற்றர் கீழே கிடப்பதால் கிழக்கு மேட்டுநிலத்துக் குளிர்காற்று சடுதியாக இறங்கிப் புயலாகிறது என்று வழிகாட்டி விளக்கினார். அக்கரைப் பயத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய குறிப்பேட்டில் அது இல்லை.

எரிகோ வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீற்றர் மேலே. எரிகோ 250 மீற்றர் கீழே. இடையில் முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம். காது அடைக்கும் இறக்கம். நல்ல சமாரியன் கதையில் கள்ளர் கையில் அகப்பட்ட மனுஷன் இந்த வழியே ‘இறங்கினான்’ என்றே லூக்கா கிரேக்கத்தில் எழுதியிருக்க, தமிழில் ‘போகையில்’ என்று ஆகிவிட்டது. சமதரையில் வாழ்கிற நமக்கு, எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடிய ஆரோகண சங்கீதங்களும் வெறும் தலைப்பாகவே இருந்துவிட்டன. மூச்சு வாங்க ஏறிப் பார்த்த பின்தான் அவை ஏன் அவ்வளவு குறுகிய பாட்டுகள் என்று விளங்கியது.

எருசலேமில் எனக்கு நேர்ந்தது ஒரு தோல்வி என்றே சொல்ல வேண்டும். புரட்டஸ்தாந்தர் பெரும்பாலோர் விரும்பிப் போவது தமஸ்கு வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் கருதும் தோட்டக் கல்லறைக்கு. மரநிழல், மலர்ப்பாத்தி, அமைதி, ஆங்கிலத்தில் நல்ல விளக்கம், மர வாங்குகளில் திருவிருந்து. எங்கள் ஞாயிறு பாடசாலைப் படம் அப்படியே உயிர்பெற்றது போல இருக்கும். கோர்டன் என்ற பிரித்தானியத் தளபதி 1883இல் அந்தப் பக்கத்துப் பாறையை, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கபாலஸ்தலம் என்று கருதியதிலிருந்து அதன் புகழ் தொடங்கியது. அந்தக் கல்லறையோ இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்று தொல்லியலாளர் கபிரியேல் பர்கை காட்டியிருக்கிறார். யோவான் சொல்லும் ‘புதிய கல்லறை’யாக அது இருக்க முடியாது. நாங்கள் அங்கே போவது அது சரியான இடம் என்பதற்காக அல்ல, அது எங்களைப் போல இருப்பதற்காக. இதை எழுதுவதற்கு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் அழுததும் அங்கேதான்.

கொன்ஸ்தந்தைன் காலத்தில், 335இல், பிரதிஷ்டை செய்யப்பட்டு, 1009இல் இடிக்கப்பட்டு, சிலுவைப்போர்க்காரரால் மீண்டும் கட்டப்பட்ட திருக்கல்லறை ஆலயத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை. இருட்டு, தூபம், நெரிசல். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் கூடும் சனம் போல ஒருவர்மேல் ஒருவர். ஆறு திருச்சபைகள் அதைப் பங்கிட்டு வைத்திருக்கின்றன, எங்களுக்கு ஓர் ஆணி அடிக்கும் உரிமையும் இல்லை. முகப்பின் மேல் சன்னலடியில் நிற்கும் ஓர் ஏணியை எவரும் அகற்றக்கூடாது என்பதற்காக 18ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஆண்டவரின் உடலுக்குத் தைலம் பூசிய கல் என்று ஒன்று. ஒரு வயோதிபப் பெண் முழந்தாளிட்டு, கொண்டுவந்த வெள்ளைத் துணியை எண்ணெயில் தோய்த்து அந்தக் கல்லை மூலைமூலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கல் 1808இல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு, 1810இல் வைக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புப் புளியந்தீவுக்கு வந்து எங்கள் மிஷனைத் தொடங்கியதற்கு அது நான்கே வருடம் மூத்தது. இந்தத் தகவலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்சம் ஏளனமாகத்தான் நின்றேன். அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்து எழும்ப முயன்றார்; முழங்கால் விடவில்லை; என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கை முழுவதும் எண்ணெய். சுகம்பெற இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட பெண்ணைப் பற்றி எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன், அவளை நேரில் கண்டபோது வருடக்கணக்கைத்தான் பார்த்தேன்.

அந்த ஆலயத்தின் திறப்பு இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஒரு குடும்பம் திறப்பை வைத்திருக்க, மற்றக் குடும்பம் கதவைத் திறக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்லிக்கொண்டே வளர்ந்து, பிறகு அந்தப் புட்டுக்குழல் உடைந்ததையும் பார்த்த எங்களுக்கு இது வெறும் சுவாரசியத் தகவல் அல்ல. பெத்லகேமில் அரபுமொழி லூத்தரன் சபையொன்றில் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். பாட்டிலும் ஜெபத்திலும் ‘அல்லாஹ்’ என்ற சொல் வந்துகொண்டேயிருந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசலின் பாங்குச் சத்தத்தில் மட்டும் அதைக் கேட்டுப் பழகிய என் காதுக்கு, அங்கியும் சிலுவையும் அணிந்த போதகரின் வாயிலிருந்து அது வந்தபோது முதல் ஐந்து நிமிடம் ஜெபிக்கவே முடியவில்லை. ஆராதனைக்குப் பிறகு கோப்பி தந்த மூப்பர் ஒருவரிடம், உங்கள் குடும்பம் எப்போது கிறிஸ்தவத்துக்கு வந்தது என்று கேட்டுவிட்டேன். மிஷனரி வந்த வருடத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், எங்கள் ஊர்க் கேள்வி அது. அவர் சிரித்துக்கொண்டு அப்போஸ்தலர் 2ஐத் திறந்து ‘அரபியரும்’ என்ற சொல்லில் விரலை வைத்தார்.

திரும்பும் வழியில் சுவரும் சோதனைச்சாவடியும். கம்பி அடைப்புக்குள் வரிசை, சுழல் கதவு, கண்ணாடிக்குப் பின்னால் துவக்கோடு ஓர் இளவயதுப் பிள்ளை. என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்; எனக்குப் பின்னால் நின்ற உள்ளூர்க்காரரைத் தடுத்து வைத்தார்கள். யுத்த காலத்தில் வவுணதீவுச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில், வெளிநாட்டார் வாகனம் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த வாகனத்துக்குள் இருந்தது நான்.

சீயோன் மலையைப் பற்றியும் எழுத வேண்டும், எழுதாமல் விடவும் விருப்பம். இன்று சீயோன் என்று காட்டப்படுகிற மேற்குக் குன்றில் தாவீதின் கோட்டை இருக்கவில்லை. அது தென்கிழக்குச் சரிவில் இருந்தது. பெயர் பிற்காலத்தில் இடம்மாறிவிட்டது. இதை வழிகாட்டி உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பெயர் எங்கள் நகரத்துக்கே வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். எங்கள் ஊரில் சீயோன் என்றால் அதுதான். சீயோனை நினைத்து அழுதவர்களின் பாட்டாகிய சங்கீதம் 137ஐ அந்தக் குன்றில் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். என் முறை வந்தபோது அடுத்தவரிடம் புத்தகத்தைக் கொடுத்தேன்.

நீங்களும் காசு சேர்த்துப் போகலாமா என்று தம்பி கேட்கவில்லை, ஆனாலும் பலர் கேட்கிறார்கள். 2023 ஒக்டோபருக்குப் பின் அந்த நாடு பட்டுக்கொண்டிருக்கிற பாட்டில், இப்போது அவசரப்படத் தேவையில்லை. அமைதி வரும்போது போகிறவர்கள், எட்டு நாளில் நாற்பது இடம் காட்டுகிற பயணத்தை விட்டுவிட்டு, பாதி இடங்களைப் பார்த்து, பெத்லகேமில் இரண்டு இரவாவது தங்கி, அந்த ஊர்ச் சபையோடு ஓர் ஆராதனையில் இருந்துவிட்டு வாருங்கள். முழங்கால் நல்ல நிலையில் இருக்கும் வயதில் போவது நல்லது. நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துப் போக வேண்டாம். அப்படிப் போன குடும்பமொன்றை எனக்குத் தெரியும்.

கடைசியாக அம்மம்மாவின் தண்ணீர். ஞானஸ்நான இடம் என்று காட்டப்படும் யோர்தான் கரைக்குப் போகும் வழியின் இரு பக்கத்திலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. எழுத்து விளங்காவிட்டாலும் மண்டையோட்டுப் படம் எங்களுக்குப் பழக்கம். ஆறு சில மீற்றர் அகலம், மண்ணிறம். அக்கரையில் யோர்தான் நாட்டுச் சிப்பாய், இக்கரையில் இஸ்ரவேல் சிப்பாய். குஷ்டம் நீங்க இதில் முழுகச் சொன்னபோது, தமஸ்குவின் ஆறுகளைவிட இது என்ன பெரிய ஆறு என்று சீரியப் படைத்தலைவன் நாகமான் கோபித்துக்கொண்டதில் பிழையே இல்லை. மாரி வெள்ளத்தில் எங்கள் முந்தனை ஆறு வருகிற வரவை அவன் பார்த்திருந்தால் இன்னும் கோபித்திருப்பான். இவ்வளவும் தெரிந்திருந்தும், எல்லோரும் நிரப்புகிறார்களே என்று நானும் ஒரு சிறு போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தேன். அது இரண்டு வருடமாக என் புத்தக அலுமாரியில் இருக்கிறது. அடியில் பச்சைப் பாசி பிடித்துவிட்டது, மூடியைத் திறந்தால் மணக்கிறது. அம்மம்மா ஆசைப்பட்டால் ஞாயிறு காலை சற்று முந்தி வரச் சொல்லுங்கள், போத்தலைக் கையில் கொடுத்துக் காட்டுகிறேன். பிள்ளையின் தலைக்கு ஆலயக் கிணற்றுத் தண்ணீரை விடியவே அள்ளி வைக்கும்படி கோயிற்காவலரிடம் சொல்லியிருக்கிறேன். மார்கழிக் குளிர் என்பதால் கொஞ்சம் சுடுதண்ணீரும் கலக்கச் சொன்னேன்.